மூன்றாவது மருந்து என்ன சேர்த்தது?



நுரையீரல் புற்றுநோயில் பல வகை உண்டு. அவற்றில் மிக வேகமாகப் பரவும் ஒரு வகையைப் பற்றியும், அதற்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அரை நூற்றாண்டுச் சோதனைகளைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன். இந்த அவையில் மருத்துவம் படிக்காதவர்கள்தான் அதிகம் என்று சொன்னார்கள். மருந்துப் பெயர்கள் நிறைய வரும். அவை மறந்துபோனால் பரவாயில்லை. ஒரு கேள்வியை மட்டும் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறோமே, அந்தப் புதியது தன் பங்குக்கு என்ன சேர்த்தது? நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் நாங்கள் சொல்லக் கடமைப்பட்ட பதில் இது. பல சமயம் அதைச் சொல்லாமலே அடுத்த மருந்துக்குப் போய்விடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இந்த நோய்க்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் என்று பெயர். நுரையீரல் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு இந்த வகை. மார்புக்கூட்டின் நடுவில் தோன்றும் வேறு ஏதோ கட்டி என்று நினைத்திருந்ததை, நுரையீரலில் தொடங்கும் புற்றுநோய்தான் என்று 1926-ல் லண்டனில் டபிள்யூ. ஜி. பர்னார்ட் எடுத்துக் காட்டினார். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் உட்கரு மட்டும் கருநீலமாக அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி இருக்கவேண்டிய பகுதி மெல்லிய கோடாகத்தான் தெரியும். ஊசி போட்டு எடுக்கும்போதே நசுங்கி இழுபடும் அளவுக்கு மென்மையான செல்கள். ஆனால் பெருகும் வேகம் பயங்கரமானது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளமாக இருக்கும் டிபி53, ஆர்பி1 என்ற இரண்டு மரபணுக்களுமே இதில் செயலிழந்திருக்கும். 2015-ல் 110 கட்டிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள்; அநேகமாக எல்லாவற்றிலும் இதே கதைதான். புகைப்பழக்கம் இல்லாதவர்களிடம் இந்த நோய் அபூர்வம். கண்டுபிடிக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு அது கல்லீரல், எலும்பு, மூளை என்று எங்காவது போய்ச் சேர்ந்திருக்கும்.

வார்டில் இதை எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி, தலையிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்தும். முகமும் கழுத்தும் வீங்கி வருவார். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை என்பார். படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். முதல் சுற்று மருந்து உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து நாளில் அந்த வீக்கம் வடிந்துவிடும். இரண்டாம் சுற்றுக்கு வரும்போது மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்து வருவார். எக்ஸ்ரேயில் பாதி நெஞ்சை மறைத்திருந்த வெள்ளை, கைப்பிடி அளவாகச் சுருங்கியிருக்கும். வேறெந்த நுரையீரல் புற்றுநோயிலும் கீமோ இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பரவிவிட்ட நோய் என்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆறேழு மாதத்தில் அது திரும்பி வரும். திரும்பி வந்தபின் அதே மருந்து அதே மாதிரி பிடிக்காது.

கரைவதும் திரும்புவதும் சேர்ந்ததுதான் இந்த நோய். அதனால்தான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனையை இதில் சோதித்த அளவுக்கு வேறெதிலும் சோதித்திருப்பார்களா என்று தோன்றும்.

அந்த யோசனையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. நம் மாணவர்களுக்கே அது அதிகம் தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர்கள் தேறினார்கள். ஆனால் போகப்போகப் பலரிடம் கிருமி அந்த மருந்துக்கு மசியாத கிருமியாக மாறிவிட்டது. பாஸ் என்ற இன்னொரு மருந்தைக் கூடவே கொடுத்தபோது அப்படி மாறுவது வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி இன்னொன்றுக்குத் தப்பாது என்பதே இதன் நியாயம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அதை வழிநடத்த லண்டனிலிருந்து வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஐசோனியசிட்டும் பாஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பலர் நெருக்கடியான குடியிருப்புகளில், வயிறாரச் சாப்பாடு இல்லாமல் இருந்தவர்கள். ஆனாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் வந்த அந்த முடிவு, உலகம் முழுவதும் சானடோரியங்களைக் காலி செய்தது.

அதே ஃபாக்ஸ் லண்டன் திரும்பியபின், ஸ்கேடிங் என்பவரோடு சேர்ந்து 1973-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுசெல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நல்லதா, கதிர்வீச்சு நல்லதா என்று 144 பேரிடம் செய்த சோதனையின் பத்தாண்டு முடிவு அது. அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களின் சராசரி ஆயுள் 199 நாள். கதிர்வீச்சுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு 300 நாள். பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சுத் தரப்பில் மூன்று பேர். கத்தி வைத்து வெட்டி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே முடிந்தது. நெஞ்சில் மட்டும் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நோய் உடம்பு முழுக்க விதைத்திருக்கிறது, ரத்தத்தில் போகும் மருந்துதான் அதைத் தொட முடியும் என்று தெளிவானது. வீட்டில் இருந்தே காசநோயைக் குணமாக்கலாம் என்று நம் ஊரில் நிரூபித்த அதே ஒழுங்கு, இந்த நோயிலும் ஒரு பெரிய பழக்கத்தை மாற்றியது. எந்தத் தரப்பு ஜெயிக்க வேண்டும் என்று தான் விரும்புவதை ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிப் பார்க்கும் ஒழுங்கு அது.

மருந்து தொடும் என்பதற்குச் சான்று 1969-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற மருந்தை வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது, இந்த நோயில் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டது. அப்படி நீண்டும் சில மாதங்கள்தான். எழுபதுகளில் அதோடு டாக்ஸோரூபிசினையும் வின்கிறிஸ்டினையும் சேர்த்தார்கள். எண்பதுகளில் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் ஜோடி சேர்ந்தன. இன்றும் இந்த நோயின் சிகிச்சைக்கு அடிமனை அந்த ஜோடிதான்.

இரண்டும் வந்த வழி அழகானது. 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிளவுபடாமல் நூல் போல நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்துவந்த பிளாட்டினம். அந்தச் சேர்மம் 1978-ல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தானது. எட்டோபோசைடின் மூலப்பொருள் பொடோஃபில்லம் என்ற செடியின் வேரிலிருந்து கிடைப்பது. அதன் இமயமலை இனம், அளவுக்கு மீறித் தோண்டியதால் இன்று அருகிப்போன மூலிகை. பிளாட்டினம் டிஎன்ஏ இழைகளைப் பற்றிப் பிணைத்துவிடும். எட்டோபோசைட், டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்க நொதி போட்ட வெட்டை மூடவிடாமல் பிடித்துவைக்கும். தாக்கும் இடம் வேறு. தொல்லை கொடுக்கும் உறுப்பும் பெரும்பாலும் வேறு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் நரம்பையும் பார்க்கும், வாந்தி குடலைப் பிடுங்கும். எட்டோபோசைட் எலும்பு மஜ்ஜையைப் பார்க்கும், வெள்ளை அணு இறங்கும், முடி கொட்டும். இதனால்தான் இரண்டையும் ஏறக்குறைய முழு அளவில் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிஸ்பிளாட்டின் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? காலையிலேயே சலைன் ஏற ஆரம்பிக்கும், அதில் பொட்டாசியமும் மக்னீசியமும் கலந்திருக்கும். கூட வந்தவர் கையில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. ஒவ்வொரு முறை சிறுநீர் போனதும் எவ்வளவு என்று அட்டையில் எழுத வேண்டும். எழுதத் தெரியாத அம்மா ஒருவர் தீக்குச்சிகளைத் தலையணைக்கு அடியில் அடுக்கிவைத்துக் கணக்குச் சொன்னார். ஒரு குச்சிகூடத் தவறவில்லை. அந்தக் கணக்குச் சரியாக இருந்தால்தான் மருந்துப் பை மாட்டப்படும். எட்டோபோசைட் மூன்று நாள். பிறகு இருபத்தொன்றாம் நாள் அடுத்த சுற்று. இப்படி நான்கு முதல் ஆறு சுற்று.

இந்த ஜோடியைப் பழையதை ஒத்த ஒரு மூன்று மருந்துக் கூட்டோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒரு பெரிய சோதனையின் முடிவு நார்வேயிலிருந்து 2002-ல் வந்தது. 436 நோயாளிகள். இரண்டு மருந்து ஜோடி, மூன்று மருந்துக் கூட்டை வென்றது. எண்ணிக்கை கூடினால் பலம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை.

அதன்பிறகு சேர்க்காத மருந்து இல்லை. அமெரிக்காவில் ஐந்நூறுக்கு மேற்பட்டோரிடம் ஒரு சோதனை நடத்தி 2005-ல் வெளியிட்டார்கள். ஜோடியோடு பாக்ளிடாக்ஸெல் என்ற மூன்றாவது மருந்தைச் சேர்த்துப் பார்த்தது அது. இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், ஜோடிக்கு 9.9 மாதம், மூன்றுக்கு 10.6 மாதம். சந்தர்ப்பவசத்தால் வரக்கூடிய வித்தியாசம்தான். மருந்தின் கொடுமையாலேயே இறந்தவர்களோ நூற்றுக்கு 2.4-லிருந்து 6.5 ஆகக் கூடினார்கள். மூன்றாவது மருந்து என்ன சேர்த்தது என்ற கேள்விக்கு இங்கே வந்த பதில், சாவைச் சேர்த்தது என்பது. அதற்கு முன்பே, இரண்டு வேறு கூட்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நோய் தப்பிக்க வழியிருக்காது என்று கணிதத்தில் நிறுவினார்கள். கணக்கு மிக நேர்த்தியானது. 1992-ல் 437 பேரிடம் முடிந்த சோதனையில், இரண்டு கூட்டுகளையும் தனித்தனியாகவும் மாற்றி மாற்றியும் பெற்ற மூன்று தரப்புக்கும் எட்டு மாதத்தை ஒட்டியே முடிவு வந்தது. நோய் அந்தக் கணிதத்தைப் படித்திருக்கவில்லை.

இரினோடிக்கன் என்ற மருந்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் தாய்ப்பொருள் கேம்ப்டோதெசின். சீனத்து மரம் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தவர்கள் அமெரிக்காவில் மன்ரோ வால், நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணி. அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா மரத்திலும் இருக்கிறது என்று 1972-ல் காட்டியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இன்று உலகச் சந்தைக்குப் போகும் கேம்ப்டோதெசினில் கணிசமான பகுதி அந்த மரத்தை வெட்டித்தான் போகிறது. அதனால் மரமே அருகிவருகிறது.

2002-ல் ஜப்பானியர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எட்டோபோசைடுக்குப் பதில் இரினோடிக்கனைச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்தால் ஆயுள் 9.4 மாதத்திலிருந்து 12.8 மாதமாகிறது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 154 பேரோடு சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுவதும் பரபரப்பு. உடனே எல்லோரும் மாறிவிடலாமா? அமெரிக்கர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2006-ல் 331 பேரிடம் வித்தியாசம் இல்லை. அளவும் அட்டவணையும் மாறியிருந்ததால் இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. ஜப்பானிய அளவையே அப்படியே வைத்து 651 பேரிடம் மறுபடி பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. 9.9 மாதம், 9.1 மாதம். அதுவும் வித்தியாசம் என்று சொல்லத்தக்கதாக இல்லை. இரினோடிக்கனை உடம்பிலிருந்து கழிக்கும் நொதியின் மரபணு, மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுகிறது என்பது ஒரு விளக்கம். முன்கூட்டி நிறுத்திய சிறிய சோதனைகள் பலனைப் பெரிதாக்கிக் காட்டும் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு நாட்டில் நேர்மையாகச் செய்த சோதனையைக்கூட இன்னொரு நாட்டில் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கும் பொறுமை இருந்தது என்பது. நம் நாட்டில் வெளிநாட்டு முடிவை மறுபடி பார்த்துச் சரிதானா என்று கேட்பவரை முட்டுக்கட்டை போடுபவர் என்கிறோம்.

இப்படிச் சோதித்துப் பார்ப்பது எதற்கு என்று ஒரு லாரி ஓட்டுநரின் மகன் என்னிடம் கேட்டான். ஒப்புதல் படிவத்தை அவர்கள் முன்னால் வைத்து, வழக்கமான மருந்து ஒரு தரப்புக்கு, அதோடு புது மருந்து சேர்த்து இன்னொரு தரப்புக்கு, யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். “ரெண்டும் நல்ல மருந்துன்னா ரெண்டையுமே எங்கப்பாவுக்குப் போட்டுடுங்க சார். எதுக்குச் சீட்டுக் குலுக்கிப் பாக்கணும்?” என்றான். நியாயமான கேள்வி. “சேத்துப் போட்டா நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியாது தம்பி. தெரிஞ்சா குலுக்கவே மாட்டேன்” என்றேன். அப்பா அதுவரை பேசவில்லை. “முடிவு வந்தா எங்களுக்குச் சொல்வீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மகன் கேட்ட கேள்விக்கு ஆராய்ச்சி உலகம் இன்னும் முழுப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மருந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும், ஒன்றும் ஒன்றும் மூன்றாகும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வகத் தட்டில், எலியில் அப்படி நடப்பதும் உண்டு. 2017-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆடம் பால்மரும் பீட்டர் சோர்கரும் நடைமுறையில் உள்ள பல கூட்டு மருந்துகளின் சோதனை விவரங்களை எடுத்து வேறொரு கணக்குப் போட்டார்கள். சில நோயாளிக்கு முதல் மருந்து கேட்கும், வேறு சிலருக்கு இரண்டாவது கேட்கும். இரண்டையும் எல்லோருக்கும் கொடுத்தால், ஏதாவது ஒன்று கேட்பவர்களின் எண்ணிக்கை கூடும். கூட்டு மருந்தின் பலனில் பெரும்பகுதியை இதை வைத்தே விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். பேங்க் லாக்கரைத் திறக்க நம் சாவியும் மேனேஜர் சாவியும் சேர வேண்டும். மருந்துகள் அப்படிச் சேர்ந்து திறக்கின்றன என்று நினைத்திருந்தோம். உண்மையில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் கொத்தோடு கொடுத்து அனுப்புகிறோம்.

இது சரியென்றால் விளைவு பெரிது. தனக்குக் கேட்காத மருந்தின் வாந்தியையும் காய்ச்சலையும் ஒரு நோயாளி வீணாகச் சுமக்கிறார். யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளம் கிடைத்தால், கூட்டையே பிரித்துவிடலாம். 2018-ல் வந்த ஒரு சோதனை இதைத் தொட்டுக் காட்டியது. நோய் திரும்பிய 104 பேர். டெமோசோலமைட் என்ற மருந்தோடு வெலிபாரிப் என்ற இன்னொன்றைச் சேர்த்தவர்களில் 39 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது; சேர்க்காதவர்களில் 14 சதவீதம். பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் மொத்தமாக எடுத்தால் ஆயுள் நீளவில்லை. எஸ்எல்எஃப்என்11 என்ற புரதம் கட்டியில் இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோதுதான் கூட்டின் பலன் தெரிந்தது. ஸ்கேனில் கட்டி சுருங்குவதைப் பார்த்து நாமும் குடும்பமும் மகிழ்கிறோம். இந்த நோயில் சுருங்குவது எளிது, நிற்பதுதான் அரிது. சுருங்கியதை வைத்து அவசரமாக அனுமதி கொடுத்த நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் ஆகியவற்றுக்கு, திரும்பிவந்த சிறுசெல் நோய்க்கான அனுமதியை அமெரிக்காவில் 2020, 2021 வாக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தொல்லை கொடுக்கும் உறுப்பு வேறாக இருந்தால்தான் முழு அளவில் சேர்க்க முடியும் என்று நான் முன்னால் மனதில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கே வருகிறது. லுர்பினெக்டடின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தால், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 3.2 மில்லிகிராம். டாக்ஸோரூபிசினோடு சேர்த்துச் சோதித்தபோது இரண்டும் மஜ்ஜையையே தாக்குவதால், துணைக்கு இடம் கொடுக்க இதன் அளவை 2 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். 613 பேர் பங்கெடுத்த அந்தச் சோதனை தோற்றது. மருந்து தோற்றதா, குறைத்த அளவு தோற்றதா? யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு அதே மருந்தை முழு அளவில், மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாத அட்டெசோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தோடு, முதல் கட்டச் சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருக்கும்போதே கொடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் 483 பேரிடம் வந்த முடிவில், பராமரிப்புக் கட்டம் தொடங்கியதிலிருந்து ஆயுள் 10.6 மாதத்திலிருந்து 13.2 மாதமானது. யாரோடு சேர்க்கிறோம், எப்போது சேர்க்கிறோம், சேர்ப்பதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்ற மூன்றும் தெரியாமல், இந்த மருந்து நல்லது, அந்த மருந்து மோசம் என்று பேசுவதில் பொருளில்லை.

எதிர்ப்பாற்றல் மருந்துகள் இந்த நோயில் நுழைந்த கதை பத்திரிகைகளில் நிறைய வந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018-ல் 403 பேரிடம் நடந்த சோதனையில், சிஸ்பிளாட்டினுக்கு உறவான கார்போபிளாட்டின், எட்டோபோசைடோடு அட்டெசோலிசுமாப் சேர்த்தபோது 10.3 மாதம் 12.3 ஆனது. இரண்டு மாதத்துக்கா இத்தனை கொண்டாட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. டுர்வாலுமாப் என்ற வேறொரு எதிர்ப்பாற்றல் மருந்தைச் சேர்த்த இன்னொரு சோதனையில் மூன்றாண்டு கழித்து எண்ணியபோது, சேர்த்தவர்களில் 17.6 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 5.8 சதவீதம். இடைநிலையில் இரண்டு மூன்று மாதமாகத் தெரிவது, ஒரு சிறு கூட்டத்துக்கு ஆண்டுகளாக இருக்கிறது. அந்தச் சிறு கூட்டம் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் நமக்கு வழியில்லை. வெற்றி கண்ட கையோடு நான்காவது மருந்துகளையும் சேர்த்தார்கள். டிரெமெலிமுமாப் சேர்த்ததில் பயன் கூடவில்லை, தொல்லை கூடியது. 490 பேரிடம் டிராகோலுமாப் சேர்த்தார்கள், ஒன்றும் கூடவில்லை.

பெரிய தாவல் வந்தது சேர்ப்பதில் இல்லாமல் வரிசைப்படுத்துவதில். நோய் ஒரு பக்க நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் கட்டத்தில், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் டுர்வாலுமாபைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் வந்த முடிவில் இடைநிலை ஆயுள் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமானது. இந்த நோயில் நான்கரை ஆண்டு என்பதை நான் பயிற்சி மாணவனாக இருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நோய் திரும்பியவர்களுக்கு, கட்டியின் மேலுள்ள டிஎல்எல்3 புரதத்தை ஒரு கையாலும் நம் எதிர்ப்பாற்றலின் டி செல்லை மறு கையாலும் பிடித்து இழுத்துவரும் தார்லாட்டமாப், 2025-ல் 509 பேரிடம் 8.3 மாதத்தை 13.6 மாதமாக்கியது. இனி இதை எதோடு சேர்ப்பது என்ற போட்டி தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மருந்துகள். எதிர்ப்பாற்றல் மருந்துகள் சுற்றுக்குச் சுற்று லட்சத்தைத் தொடுபவை. நிலத்தை விற்று மூன்று சுற்று போட்டுவிட்டு நான்காவதுக்கு வராமல்போன குடும்பங்களை நாங்கள் பார்க்கிறோம். மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பணம் போட நிறுவனங்கள் வரிசையில் நிற்கும். குறைத்துப் பார்க்கும் சோதனைக்கு யார் வருவார்கள்? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் செய்து காட்டினார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். மூன்று மலிவான மருந்துகளோடு, நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். ஓராண்டு உயிர் பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். நோய் வேறு என்பதால் சிறுசெல் நோய்க்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கேள்வி கேட்ட விதத்தை எடுத்துக்கொள்ளலாம். குறைந்த அளவு எதிர்ப்பாற்றல் மருந்தோடு கார்போபிளாட்டின், எட்டோபோசைட் என்ற கூட்டை இந்த நோயில் முறையாகச் சோதிக்கும் பொறுப்பு, பீடியும் சிகரெட்டும் இவ்வளவு புழங்கும் நம்மிடம்தான் இருக்கிறது. பணக்கார நாட்டில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி தோன்றாது. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த ஓட்டுநர் கேட்ட கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. அவர் பங்கெடுத்த சோதனையின் முடிவு, அவர் இறந்து வெகுநாள் கழித்து ஒரு மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. சேர்த்த மருந்து பலன் தரவில்லை. சோதனையை நடத்திய தரப்பு பங்குதாரர்களுக்கு அறிக்கை அனுப்பியது. பங்கெடுத்த குடும்பங்களுக்கு ஒரு வரி போகவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கடமை எழுதப்பட்டிருக்கவும் இல்லை. நான் அந்த மகனைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “அப்போ எங்கப்பாவுக்குக் கிடைச்சது எது சார்?” என்பது. வழக்கமான மருந்தோடு, புது மருந்துக்குப் பதில் வெற்று மருந்து பெற்ற தரப்பு என்று பதிவேட்டில் பார்த்துச் சொன்னேன். அந்தத் தரப்பில் இருந்ததால் ஒன்றும் இழக்கவில்லை என்று தெரிந்ததில் அவனுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. படிவத்தில் கையெழுத்துப் போட்டது தப்போ என்று அத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இங்கே நெறிமுறைக் குழுக்களில் உறுப்பினராக இருப்பவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் முன் வரும் ஒவ்வொரு கூட்டு மருந்துச் சோதனையிலும் இரண்டு காரியம் செய்யுங்கள். சேர்க்கும் மருந்துக்காக மற்றதன் அளவைக் குறைத்திருக்கிறார்களா, ஒப்பிடும் தரப்புக்கு இன்று கிடைக்கும் நல்ல சிகிச்சைதான் போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். முடிவு வந்த மூன்று மாதத்துக்குள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் மொழியில் ஒரு பக்கம் எழுதி அனுப்புவோம் என்று ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். அந்த ஒரு பக்கத்தின் மாதிரியைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. திருத்தி, உங்கள் குழுவுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்.